டியூட்டி லிஸ்ட் போடுபவரின் மனச்சுமை

மருத்துவமனை வார்டில் செவிலியர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து, அது நடக்கிறதா என்று பார்த்து, நடக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் செவிலிய மேலாளர். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இவருக்குச் செவிலியர் கண்காணிப்பாளர் என்று பெயர். நிலை 2, நிலை 1 என இரண்டு படிகள் உண்டு. தனியார் மருத்துவமனைகளில் இன்சார்ஜ் சிஸ்டர் என்பார்கள். பழைய தலைமுறை நோயாளிகளுக்கு இவர் ஹெட் நர்ஸ். இவருக்கும் மேலே இருந்தவர் மேட்ரன். பெயர் எதுவானாலும் நிற்கிற இடம் ஒன்றுதான். மேலே மருத்துவர்களும் நிர்வாகமும், கீழே செவிலியர்களும் துப்புரவுப் பணியாளர்களும், எதிரே நோயாளியும் அவருடைய சொந்தக்காரர்களும். மூன்று பக்கத்துக்கும் ஒரே ஆள் ஈடுகொடுக்க வேண்டும்.

படுக்கையருகே வேலை செய்யும் செவிலியர்களின் மனநலம் பற்றி ஓரளவு பேசப்படுகிறது. அவர்களை நடத்துபவரின் மனநலம் பற்றிப் பேச்சே குறைவு. பதவி உயர்வு வந்துவிட்டது, நைட் டியூட்டி இல்லை, உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற வேலைதானே என்ற நினைப்பு அதற்குக் காரணம். இந்த நினைப்பு தவறு என்று காட்டும் ஆய்வுகள் கடந்த அறுபது ஆண்டுகளில் நிறையவே சேர்ந்திருக்கின்றன.

ஹங்கேரிய வம்சாவளியைச் சேர்ந்த, கனடாவில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே, 1936இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய ஒரு சிறு கடிதத்தில், குளிர், காயம், நஞ்சு என்று எந்தத் தாக்குதல் வந்தாலும் உடல் ஏறக்குறைய ஒரே மாதிரி எதிர்வினை காட்டுகிறது என்றார். மன அழுத்தம் பற்றிய நவீன அறிவியல் அங்கிருந்து வளர்ந்தது. வேலையிடத்துக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் காரசெக். வேலை அதிகமாக இருப்பது மட்டுமே மனிதரை நோகடிப்பதில்லை. வேலையும் அதிகம், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையும் குறைவு என்ற நிலைதான் ஆளை அரிக்கிறது என்று 1979இல் அவர் எழுதினார். ராபர்ட் கான் குழுவினர் 1964இலேயே இன்னொரு காரணத்தைச் சொல்லியிருந்தார்கள்: ஒரே மனிதரிடம் இரண்டு தரப்பு நேரெதிரானவற்றை எதிர்பார்க்கும்போது எழும் பங்கு முரண். செலவைக் குறை என்று நிர்வாகம் சொல்கிறது. ஆள் கொடு என்று வார்டு கேட்கிறது. காரசெக் சொன்னதும் கான் சொன்னதும் ஒருசேரப் பொருந்துகிற பதவி இது.

நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும்

செவிலிய மேலாளரின் நெருக்கடியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் மாதக் கடைசியில் அவர் டியூட்டி லிஸ்ட் போடுவதைப் பார்க்க வேண்டும். கோடு போட்ட நீள நோட்டு. இடப்பக்கம் பெயர்கள், மேலே தேதிகள், கட்டங்களுக்குள் காலை, மதியம், இரவு, ஆஃப். பென்சிலில்தான் எழுதுவார், பேனாவால் எழுதினால் பக்கம் முழுக்க அடித்தல் திருத்தலாகிவிடும். ஒருவர் ஏழு மாதக் கர்ப்பிணி, நைட் போட முடியாது. ஒருவருடைய மகளுக்குப் பொதுத்தேர்வு. ஒருவர் மாமனார் திதிக்கு ஊருக்குப் போக வேண்டும். போன பொங்கலுக்கு லீவு கிடைக்காதவர் இந்தப் பொங்கலை இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். புதிதாகச் சேர்ந்த இருவரை ஒரே இரவில் போட்டால் நடுராத்திரியில் ஒரு நோயாளிக்கு மூச்சு வாங்கினால் கைகொடுக்க ஆள் இருக்காது. மாலை ஏழு மணிக்குத் தொடங்கிய கணக்கு ஒன்பது மணிக்கு ஒருவழியாக நிற்கிறது. மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்குத் தொலைபேசி: “மேடம், ராத்திரியிலிருந்து காய்ச்சல், எழுந்திருக்கவே முடியல.”

இது ஒருவரின் சாமர்த்தியக் குறைவால் வருவதில்லை. கணக்கே அப்படித்தான். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு செவிலியர் வாரத்தில் 48 மணி நேரம் வேலை செய்கிறார் என்றால், வார்டில் ஓர் இடத்தில் எந்நேரமும் ஒரு செவிலியர் நிற்பதற்கு மூன்றரைப் பேர் வேண்டும். தற்செயல் விடுப்பு, மருத்துவ விடுப்பு, பயிற்சி, பண்டிகை எல்லாம் சேர்த்தால் நாலரைப் பேர் இல்லாமல் முடியாது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருவர் என்றால் ஒன்பது பேர். ஒன்பது பேர் வேண்டிய வார்டுக்கு ஏழு பேரைக் கொடுத்துவிட்டு லிஸ்ட் போடச் சொன்னால், எந்தப் பென்சிலாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. 2021 முதல் தமிழ்நாட்டு அரசுப் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதமாக உயர்ந்திருக்கிறது. தாய்க்கும் குழந்தைக்கும் மிகவும் தேவையான உரிமை அது. அந்த 12 மாதத்துக்கு மாற்று ஆளை அனுப்ப வேண்டியது நிர்வாகத்தின் கடமை. அனுப்பாதபோது அந்தப் பள்ளம் அப்படியே லிஸ்ட் போடுபவரின் மடியில் விழுகிறது. விடுப்பு எடுத்தவர் மீது மற்றவர்களுக்கு வருகிற மனத்தாங்கலையும் அவர்தான் ஆற்ற வேண்டும்.

சம்பள வேறுபாடு இதை இன்னும் சிக்கலாக்குகிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் பணி நிரந்தரம் கேட்டு சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடினார்கள். ஒரே வார்டு, ஒரே வேலை, ஒரே சீருடை, ஆனால் பல மடங்கு வித்தியாசப்படும் சம்பளம். உழைப்புக்கும் கிடைப்பதற்கும் பொருத்தமில்லாமல் போவதே உடல்நலத்தைக் கெடுக்கும் என்று ஜெர்மனியில் பணியாற்றிய ஆய்வாளர் யோஹானஸ் ஸீக்ரிஸ்ட் 1996இல் ஒரு கோட்பாடாகவே வகுத்தார். அந்தப் பொருத்தமின்மையின் கோபம் தினமும் முதலில் வந்து மோதுவது கண்காணிப்பாளர் மேல். சம்பளத்தை ஒரு ரூபாய் கூட்டவும் அவருக்கு அதிகாரம் கிடையாது.

லிஸ்ட் போக மற்றவை: மருந்து இன்டென்ட், பூட்டுக்குள் பூட்டு வைத்த போதைமருந்து அலமாரியின் கணக்கு, ஆக்ஸிஜன், கிழிந்த படுக்கை விரிப்புகளைக் கழிக்கும் பதிவேடு, தர ஆய்வுக்கான கோப்புகள், டீன் ரவுண்ட்ஸ். பொருள் காணாமல் போனால் பொறுப்பு பல இடங்களில் இவருடையது. ஓர் அறுபது ரூபாய்க் கருவி உடைந்ததற்கு விளக்கக் கடிதம் எழுதும் நேரத்தில் மூன்று நோயாளிகளை அவர் பார்த்திருக்கலாம். இருபது வருடம் ஊசி ஏற்றவும் காயம் கட்டவும் பழகிய தேர்ந்த கைகளைப் பதவி உயர்வு என்ற பெயரில் பதிவேட்டுக்குத் திருப்பிவிடுகிறோம். ஆட்களை நடத்துவது எப்படி என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதும் இல்லை.

இடைநிலையில் இருப்பவரின் உடல்

ஆபத்தை மூளை உணர்ந்ததும் ஹைபோதலாமஸ் பிட்யூட்டரிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியை முடுக்குகிறது. கார்டிசால் இரத்தத்தில் ஏறுகிறது. சர்க்கரை கூடுகிறது, கவனம் கூர்மையாகிறது, செரிமானமும் நோய் எதிர்ப்பும் சற்று ஒதுங்கி வழிவிடுகின்றன. அவசர சிகிச்சை வார்டில் ஓடி வேலை செய்ய இது உதவுகிறது. கார்டிசாலுக்கு இயல்பாக ஒரு தினசரித் தாளமும் உண்டு: விழித்தெழுந்த அரை மணியில் உச்சம், நள்ளிரவையொட்டித் தாழ்வு. தலையணை பக்கத்தில் எந்நேரமும் ஒலிக்கக்கூடிய தொலைபேசியை வைத்துத் தூங்குபவருக்கு இந்தத் தாளம் குலைய வாய்ப்பு அதிகம். ஒலிக்காத இரவிலும் ஒலிக்கும் என்ற எதிர்பார்ப்பு உடலை அரைவிழிப்பில் நிறுத்துகிறது.

நாள்பட்ட அழுத்தத்தின் விலையை அலோஸ்டேடிக் சுமை என்று அமெரிக்க நரம்பியல் அறிஞர் புரூஸ் மெக்வென் 1993இல் பெயரிட்டு விளக்கினார். அணைக்க மறந்த மோட்டார் தேய்வதுபோல, ஓய்வுக்குத் திரும்பாத உடல் தேய்கிறது. இரத்த அழுத்தம், இடுப்பைச் சுற்றிய கொழுப்பு, நீரிழிவு, தூக்கக் கெடுதி, ஞாபக மறதி ஆகியவை அந்தத் தேய்மானத்தின் அடையாளங்கள். இந்தப் பொறுப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் தூக்கம் ஏற்கெனவே சிதறியிருக்கும். வீட்டில் வயதான பெற்றோரும் கல்யாண வயதில் பிள்ளைகளும் இருப்பார்கள். வார்டுச் சுமையும் வீட்டுச் சுமையும் ஒரே உடலில்தான் இறங்குகின்றன.

இடைநிலைக்கு என்று தனியான அழுத்தம் உண்டா? இங்கிலாந்தின் டிரென்ட்ஹாம் குரங்குக் காட்டில் பார்பரி மக்காக் பெண் குரங்குகளைக் கவனித்த மான்செஸ்டர், லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவற்றின் மலத்தில் அழுத்த ஹார்மோன் அளவைச் சோதித்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, கூட்டத்தின் உச்சியிலோ அடியிலோ இருந்தவற்றைவிட நடுத்தட்டில் இருந்தவற்றுக்கே அளவு அதிகம். மேலே உள்ளவற்றோடும் கீழே உள்ளவற்றோடும் அவை மோத வேண்டியிருந்தது. குரங்கிலிருந்து மனிதருக்கு ஒரே தாவாகத் தாவக் கூடாது. ஆனால் 2015இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்கத் தேசியக் கணக்கெடுப்புத் தரவுகளை அலசியபோதும், மேற்பார்வையாளர்களிடமும் மேலாளர்களிடமும் மனச்சோர்வும் பதற்றமும் சாதாரணத் தொழிலாளர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்தன. நடுவில் நிற்பவருக்குக் கொள்கையை வகுக்கும் உரிமை இல்லை, அதை அமல்படுத்தும் கடமை மட்டும் உண்டு என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

இடைவிடாத குறுக்கீடுகள் இன்னொரு அரிப்பு. சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் மருந்து கொடுப்பதைக் கவனித்த ஜொஹானா வெஸ்ட்புரூக் குழு, ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துத் தவறுகள் சுமார் 12 விழுக்காடு கூடுவதை 2010இல் பதிவு செய்தது. மருந்துத் தட்டைத் தூக்கிய செவிலியருக்கே இந்த நிலை. தொலைபேசி, நிர்வாகம், உறவினர், மருத்துவர் என்று நாள் முழுக்கக் குறுக்கீட்டையே வேலையாகக் கொண்ட மேலாளரின் கவனம் எத்தனை துண்டாகச் சிதறும் என்று ஊகிக்கலாம்.

சொல்லாமல் விழுங்குவது

வார்டில் இளம் நோயாளி ஒருவர் இறந்துபோகிறார். கண்கலங்கி நிற்கும் புதுச் செவிலியரைத் தட்டிக்கொடுத்து, கத்துகிற உறவினரை அமைதிப்படுத்தி, சடலத்தைப் பிணவறைக்கு அனுப்பும் தாள்களைச் சரிபார்த்து, அடுத்த பத்து நிமிடத்தில் ஆய்வுக்கு வந்த அதிகாரியை முகமலர்ச்சியோடு வரவேற்க வேண்டும். உள்ளே ஒன்று, முகத்தில் ஒன்று. இதை உணர்ச்சி உழைப்பு என்று ஆர்லி ஹோக்ஷில்ட் 1983இல் பெயரிட்டார். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து அவர் எழுதியது, மருத்துவமனைக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

இதைவிட ஆழமாகக் காயப்படுத்துவது வேறொன்று. சரியானது எது என்று தெரிந்திருந்தும், நிறுவனத்தின் தடைகளால் அதைச் செய்ய முடியாமல் போகிற வேதனை. தத்துவவியலாளர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984இல் செவிலிய அறம் பற்றிய நூலில் இதை அறத்துயர் என்று பிரித்துக் காட்டினார். முப்பது படுக்கைக்கு இரவில் ஒரே செவிலியர் போதாது என்று கண்காணிப்பாளருக்கு நன்றாகத் தெரியும். ஒருவரையே போட்டுக் கையெழுத்திடுபவரும் அவர்தான். அந்த இரவு ஏதாவது நடந்தால், அந்தக் கையெழுத்து அவரைத் தூங்கவிடாது.

பதற்றத்தை மருத்துவமனைகள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை 1950களின் இறுதியில் லண்டனின் ஒரு போதனா மருத்துவமனையில் ஆராய்ந்த இஸபெல் மென்ஸீஸ் ஒரு விசித்திரத்தைக் கண்டார். கீழே இருப்பவர்கள், தாமே எடுக்கக்கூடிய சிறு முடிவுகளையும் மேலே தள்ளிவிடுகிறார்கள். பொறுப்பு மாடிப்படி ஏறுகிறது. மேலே இருப்பவர் தம் திறமைக்குக் கீழான நூறு சில்லறை முடிவுகளில் மூழ்கிப்போகிறார். எதற்கெடுத்தாலும் “மேடத்தைக் கேட்டுக்கோ” என்கிற வார்டுகளில் இன்றும் இதைப் பார்க்கலாம்.

இப்படி ஆண்டுக்கணக்கில் விழுங்கியதன் முடிவு பணிச்சோர்வு. கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் இதை அளக்கும் வினாத்தாளை வெளியிட்டபோது மூன்று இழைகளைப் பிரித்தார்கள்: உணர்ச்சி வற்றிப்போதல், மனிதர்களை எண்ணாகவும் பொருளாகவும் பார்க்கத் தொடங்குதல், செய்த வேலையில் ஒன்றுமே இல்லை என்ற நினைப்பு. முன்பு நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்தவர், “பன்னிரண்டாம் பெட்” என்று மட்டுமே சொல்ல ஆரம்பிப்பது இரண்டாவது இழை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது; அதில் பணிச்சோர்வு நோயாகச் சேர்க்கப்படவில்லை, வேலையிடத்தில் எழும் நிகழ்வாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. இந்த வேறுபாடு முக்கியமானது. நோய் என்றால் மருந்து ஆளுக்கு. நிகழ்வு என்றால் மருந்து வேலையிடத்துக்கு. மனச்சோர்வு நோய் தனி: இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோகம், எதிலும் ஈடுபாடின்மை, பசி தூக்க மாற்றம், குற்றவுணர்வு, சாவு பற்றிய எண்ணம். விடுமுறையில் போனாலும் அது விடுவதில்லை. பணிச்சோர்வைக் கவனிக்காமல் விட்டால் அந்த நோய்க்கு வழி திறக்கக்கூடும்.

என்ன செய்தால் குறைகிறது

பணி முடிந்ததும் ஒரு மணி நேர யோகா வகுப்பு, மனவளப் பயிற்சி, ஒரு சொற்பொழிவு: மருத்துவமனைகள் எளிதில் எடுக்கும் மருந்து இது. பயனற்றது என்று சொல்ல முடியாது. சுகாதாரப் பணியாளர்களிடம் நடந்த பல சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வு, இத்தகைய தனிநபர்ப் பயிற்சிகள் சில மாதங்களுக்கு அழுத்தத்தைக் குறைப்பதாகவே காண்கிறது. ஆனால் ஏழு பேரை வைத்து ஒன்பது பேர் லிஸ்ட் போடும் கணக்கை மூச்சுப் பயிற்சி மாற்றாது. அந்த வகுப்புக்கு ஆட்களை அனுப்ப லிஸ்டில் இடம் தேட வேண்டியவரும் கண்காணிப்பாளரே.

ஆள் எண்ணிக்கைதான் அடிவேர். பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா ஐக்கென் குழு 2002இல் சொன்னது இது: ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை பெற்றவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், செவிலியர் பணிச்சோர்வு அடையும் வாய்ப்பு 23 விழுக்காடும் ஏறின. கலிபோர்னியா 1999இல் சட்டம் போட்டு, 2004 முதல் வார்டு வாரியாக உச்சவரம்பை அமல்படுத்தியது. பொது வார்டில் ஒரு செவிலியருக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் கூடாது. அங்கே லிஸ்ட் போடுபவர் ஆள் கேட்கும்போது அவர் கையில் சட்டம் இருக்கிறது. இங்கே விண்ணப்பம் மட்டும் இருக்கிறது.

ஆள் நிரம்பும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவையும் உண்டு. எந்த வார்டுக்கும் சேராத நான்கைந்து செவிலியர்களை மாற்று அணியாக வைத்தால், விடியற்காலைத் தொலைபேசிக்கு ஒரு பதில் இருக்கும். பதிவேடுகளுக்கு எழுத்தர் ஒருவர். இரவு அழைப்புகளை மேலாளர்களுக்குள் முறைவைத்து ஒருவர் மட்டும் எடுப்பது. ஜெர்மானிய உளவியலாளர் ஸபீன ஸொனென்டாக்கின் ஆய்வுகள், வேலையை மனத்தளவிலும் கழற்றி வைக்க முடிந்தவர்களே மறுநாள் தெம்போடு திரும்புகிறார்கள் என்று திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. பதவி உயர்வுக்கு முன்பே ஆள் மேலாண்மைப் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வேலையிட மனநல வழிகாட்டுதலில், பணியாளரின் மனநலத்தைக் காக்க மேலாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று முதன்முறையாகப் பரிந்துரைத்தது. ஒன்றை மட்டும் செய்யாமல் இருப்பது நல்லது: வன்முறையோ துர்மரணமோ நடந்த அன்றே எல்லோரையும் உட்காரவைத்துக் கட்டாயமாகப் பேசவைக்கும் ஒரே அமர்வு. அது பின்னாளைய பாதிப்பைத் தடுப்பதாகச் சான்று இல்லை. பேச விரும்புபவர் பேச ஓர் ஆளும், அன்று வீட்டுக்குப் போக ஓர் அனுமதியும் போதும்.

உதவி தேடுவதில் இவர்களுக்கென்று ஒரு தடை இருக்கிறது. உள்ளூர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சீட்டு வாங்கினால், அதைப் பதிவு செய்பவர் தம்மிடம் வேலை பார்த்த செவிலியராக இருக்கலாம். மாலைக்குள் வார்டு முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் பலர் தூக்க மாத்திரையோடு சமாளித்துவிடுகிறார்கள். மருத்துவமனைக்கு வெளியே, பெயர் தெரியாமல் பேசும் வழி தேவை. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், இரவு டியூட்டி நேரத்திலும் எடுப்பார்கள்.